எக்ஸ்ரே நேராக இருந்தால் போதுமா?

தோள்மூட்டை ஒட்டி மேல்கை எலும்பு உடைந்து, பிளேட் வைத்து ஆபரேஷன் செய்துகொண்ட ஒருவர் மூன்று மாதம் கழித்து மருத்துவரைப் பார்க்க வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். எக்ஸ்ரே அருமையாக இருக்கிறது. உடைந்த துண்டுகள் சேர்ந்து நேராக நிற்கின்றன, பிளேட் எலும்போடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறது, ஒரு ஸ்க்ரூகூட வெளியே துருத்தவில்லை. “நல்லா சேர்ந்திருக்கு” என்கிறார் மருத்துவர். “சட்டைக்குள்ள கையை விட முடியலையே டாக்டர்” என்கிறார் வந்தவர்.

இருவர் சொல்வதும் உண்மைதான். மருத்துவர் எலும்பைப் பார்க்கிறார், வந்தவர் கையைப் பற்றிப் பேசுகிறார். எலும்பு மூட்டு அறுவை சிகிச்சைத் துறையின் பல சங்கடங்களை இந்த ஒரு காட்சிக்குள் அடக்கிவிடலாம்.

துறையின் பெயரிலேயே ‘நேர்’ இருக்கிறது. நிக்கோலா ஆந்த்ரி என்ற பிரெஞ்சு மருத்துவர் 1741இல், ‘நேர்’, ‘குழந்தை’ ஆகியவற்றைக் குறிக்கும் கிரேக்கச் சொற்களிலிருந்து ஆர்த்தோபீடிக்ஸ் என்ற பெயரை உண்டாக்கினார். வளைந்த இளமரம் ஒன்றைக் கம்போடு சேர்த்துக் கயிற்றால் கட்டியிருக்கும் படம் அவருடைய நூலில் உண்டு. இன்றும் உலகெங்கும் இத்துறையின் சின்னம் அதுதான். நேராக்கும் வித்தையில் துறை அபாரமாகத் தேறிவிட்டது. அப்படி நேராக்கியதில் ஆளுக்கு எவ்வளவு நன்மை என்று கண்டுபிடிப்பதில்தான் இன்னும் தடுமாற்றம்.

பத்து வருடம் கழித்து வரும் பதில்

காய்ச்சலுக்குக் கொடுத்த மருந்து வேலை செய்ததா என்பது மூன்று நாளில் தெரிந்துவிடும். செயற்கை இடுப்பு மூட்டு நன்றாக உழைக்குமா என்று தெரியப் பத்துப் பதினைந்து வருடம் ஆகும். அதற்குள் அதே மாடல் பல்லாயிரம் பேர் உடம்புக்குள் போயிருக்கும், அதைச் செய்த நிறுவனமும் அடுத்த மாடலுக்கு மாறியிருக்கும்.

இந்தப் பாடத்தை முதலில் கசப்பாகக் கற்றுக்கொண்டவர் ஜான் சார்ன்லி. இங்கிலாந்தில் ரைட்டிங்டன் மருத்துவமனையில் வேலை பார்த்தவர், இன்றைய இடுப்பு மூட்டு மாற்று சிகிச்சைக்குத் தந்தை என்று கொண்டாடப்படுபவர். அவருக்கு முன்பு வந்த அக்ரிலிக் மூட்டு ஒன்று நடக்கும்போது கிறீச்சிடும். உராய்வைக் குறைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்த சார்ன்லி, அன்றைக்குக் கிடைத்ததிலேயே வழுவழுப்பான டெஃப்லானில், தொடை எலும்பின் பந்து போன்ற தலை சுழலும் கிண்ணத்தைச் செய்து 1958 முதல் பொருத்த ஆரம்பித்தார். சுமார் 300 பேருக்குப் பொருத்தினார். வருடக்கணக்கில் வலியால் முடங்கிக் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். அந்தக் கட்டத்தில் யாராவது ஆய்வுக் கட்டுரை எழுதியிருந்தால் அது வெற்றிக் கதையாகத்தான் இருந்திருக்கும்.

இரண்டு மூன்று வருடத்தில் கிண்ணங்கள் தேய்ந்து ஓட்டையாயின. உதிர்ந்த துகள்களைச் சுற்றித் தயிர்க்கட்டி மாதிரி வெள்ளைத் திசு வளர்ந்து எலும்பை அரித்தது. திரும்பத் திறந்து எடுக்க வேண்டியதாயிற்று. அப்புறம் ஒரு விற்பனைப் பிரதிநிதி, நெசவு இயந்திரப் பற்சக்கரத்துக்குப் பயன்படும் ஒருவகை பாலிஎத்திலின் துண்டைக் கொண்டுவந்து காட்டினார். சார்ன்லிக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. அவருடைய ஆய்வகத் தொழில்நுட்பர் ஹாரி கிரேவன்தான் அதைத் தேய்ப்புக் கருவியில் போட்டு ஓடவிட்டுப் பார்த்தார். நாள்கணக்கில் ஓடியும் டெஃப்லானைப் போல் தேயவில்லை. இந்த முறை சார்ன்லி அவசரப்படவில்லை. டெஃப்லான் துகளையும் புதுப் பிளாஸ்டிக் துகளையும் தன் தொடையிலேயே ஊசி போட்டுக்கொண்டு காத்திருந்தார். டெஃப்லான் போட்ட இடத்தில் கட்டி வந்தது, மற்றதில் வரவில்லை. 1962 நவம்பரில் அந்தப் பிளாஸ்டிக் கிண்ணத்தை முதல் நோயாளிக்குப் பொருத்தினார். அதன் பிறகும் சில வருடங்கள், ரைட்டிங்டனுக்கே வந்து பழகிய மருத்துவர்களுக்கு மட்டும்தான் அந்த மூட்டு கிடைக்கும்படி பார்த்துக்கொண்டார். நீண்டகால ஆய்வுகளில், 25 வருடம் கழித்தும் பத்தில் எட்டு மூட்டுகள் மாற்றப்படாமல் ஓடிக்கொண்டிருந்தன.

இவ்வளவு நடந்த பிறகும் அதே தவறு இன்னொரு வேடத்தில் திரும்பி வந்தது.

பிளாஸ்டிக் கிண்ணமும் தேயத்தான் செய்யும். கண்ணுக்குத் தெரியாத தூசாக உதிரும். அந்தத் தூசை விழுங்கும் நோய் எதிர்ப்புச் செல்கள் அதைச் செரிக்க முடியாமல் எழுப்பும் சமிக்ஞையில், எலும்பைக் கரைக்கும் செல்கள் விழித்துக்கொள்ளும். மூட்டைச் சுற்றியுள்ள எலும்பு இளகிவிடும். பிளாஸ்டிக்தானே பிரச்சினை, உலோகத்தோடு உலோகம் உரசட்டும் என்று ஒரு சாரார் கிளம்பினார்கள். ஆய்வகத்தில் லட்சக்கணக்கான சுற்று ஓட்டிப் பார்த்ததில் தேய்மானம் மிகக் குறைவு. பந்தையும் பெரிதாக வைக்கலாம், நழுவாது, இளைஞர்களுக்கு ஏற்றது. காகிதத்தில் எல்லாமே பொருந்தியது.

ஆனால் உடம்புக்குள் கிண்ணம் கொஞ்சம் சாய்வாக உட்கார்ந்தாலே பாரம் விளிம்பில் இறங்கும். அங்கிருந்து மிக நுண்ணிய கோபால்ட், குரோமியத் துகள்கள் உதிர்ந்து சுற்றியிருந்த தசையையே சாகடித்தன. ஜான்சன் அண்ட் ஜான்சன் குழுமத்தின் டிப்யூ நிறுவனம் ஏ.எஸ்.ஆர். என்ற தன் மூட்டை 2010 ஆகஸ்டில் உலகம் முழுவதும் திரும்பப் பெற்றபோது, ஏறத்தாழ 93,000 பேருக்கு அது பொருத்தப்பட்டிருந்தது. பொருத்திய ஐந்தே ஆண்டில் நூற்றுக்கு 12, 13 பேருக்கு மறு ஆபரேஷன் தேவைப்பட்டிருந்தது.

இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்ததில் பெரும் பங்கு பதிவேடுகளுடையது. யாருக்கு, எந்தத் தேதியில், எந்த நிறுவனத்தின் எந்த மாடல் பொருத்தப்பட்டது என்று ஒரு வரி எழுதுவார்கள். அது என்றைக்காவது வெளியே எடுக்கப்பட்டால் இன்னொரு வரி. அவ்வளவுதான் வேலை. ஸ்வீடன் முழங்கால் மூட்டுக்கு 1975இலும் இடுப்பு மூட்டுக்கு 1979இலும் இதைத் தொடங்கியது. ஆஸ்திரேலியா 1999இல், இங்கிலாந்தும் வேல்ஸும் 2003இல். ஏ.எஸ்.ஆர். மற்ற மூட்டுகளைவிட வேகமாகக் கழற்றப்படுவதை ஆஸ்திரேலியப் பதிவேடு முன்கூட்டியே சுட்டிக்காட்டியது. பதிவேடு பராமரிப்பவருக்கு யாரும் மாலை போடுவதில்லை. ஆனால் இந்தத் துறையில் கடந்த ஐம்பது வருடத்தின் மிகப் பெரிய முன்னேற்றம் எது என்று என்னைக் கேட்டால், ரோபோவுக்கு முன்னால் இதைத்தான் சொல்வேன்.

அதே காலத்தில், அதே தேய்மானப் பிரச்சினைக்கு இன்னொரு தீர்வும் வந்தது. பாலிஎத்திலினைக் கதிர்வீச்சில் காட்டினால் அதன் நீண்ட மூலக்கூறுகள் குறுக்கே பிணைந்து கெட்டிப்படும். 1990களின் கடைசியில் புழக்கத்துக்கு வந்த இந்தப் பிளாஸ்டிக், தேய்மானத்தை வெகுவாகக் குறைத்துவிட்டது. பழைய பொருள், சின்னத் திருத்தம். தலைப்புச் செய்தியாகாமலேயே ஜெயித்துவிட்டது.

தோலை மட்டும் கீறிய ஆபரேஷன்

மூட்டு வலிக்காரர் எப்போது மருத்துவரிடம் போவார்? வலி உச்சத்தில் இருக்கும்போது. உச்சத்துக்குப் போன வலி, எதுவும் செய்யாவிட்டாலும் பெரும்பாலும் கொஞ்சம் இறங்கும். நடுவில் ஒரு ஆபரேஷன் நடந்திருந்தால் பெயர் ஆபரேஷனுக்குப் போய்விடும். கூடவே, ‘இவ்வளவு பெரிய சிகிச்சை எடுத்திருக்கிறோம்’ என்ற நம்பிக்கையும் சேர்ந்துகொள்ளும். மாத்திரை என்றால் வெறும் மாவு மாத்திரையைக் கொடுத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். கத்தி வைத்ததாக நடிக்க முடியுமா?

அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்து அறுவை மருத்துவர் புரூஸ் மோஸ்லியும் அவருடைய குழுவினரும் நடித்தே காட்டினார்கள். முழங்கால் தேய்மானம் உள்ள 180 பேரை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஆர்த்ராஸ்கோப்பி (சின்னத் துளையில் கேமரா விட்டுச் செய்யும் ஆபரேஷன்) வழியாக மூட்டைச் சுரண்டிச் சுத்தம் செய்தார்கள். இரண்டாவது பிரிவுக்குக் கழுவி மட்டும் விட்டார்கள். மூன்றாவது பிரிவுக்குத் தோலில் கீறல் மட்டும். மருத்துவர் வழக்கம்போல ஒவ்வொரு கருவியாகக் கேட்டு வாங்குவார், காலை மடக்கி நீட்டுவார், மூட்டைக் கழுவும் சத்தம் வர வேண்டும் என்று தண்ணீரைக்கூடச் சளசளக்க வைத்தார்கள். இரண்டு வருடம் தொடர்ந்து பார்த்ததில் மூன்று பிரிவுக்கும் வலியிலோ நடையிலோ சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. 2002இல் முடிவு வெளியானபோது துறையில் பலருக்குக் கோபம் வந்தது. நோயாளிகளில் பெரும்பாலோர் ஆண்கள், ஒரே மருத்துவர் செய்தது என்று குறைகள் சொன்னார்கள். குறைகளில் நியாயம் உண்டு. ஆனால் 2013இல் ஃபின்லாந்துக் குழு, முழங்கால் ஜவ்வு (எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் மெனிஸ்கஸ்) கிழிந்த, தேய்மானம் இல்லாத 146 பேரிடம் இதே பாணியில் ஆய்வு செய்தபோது, கிழிந்த ஜவ்வை வெட்டி எடுத்தவர்களும் வெட்டியதாக நடிக்கப்பட்டவர்களும் ஒரு வருடம் கழித்து ஏறத்தாழ ஒரே நிலையில்தான் இருந்தார்கள்.

இதை வைத்து ஜவ்வு ஆபரேஷனே தேவையில்லை என்று சொல்லிவிடக் கூடாது. விளையாட்டில் அடிபட்டு ஜவ்வு மடங்கி, முழங்கால் பூட்டிக்கொண்டு நிற்கும் இளைஞரின் கதை வேறு. ஃபின்லாந்து ஆய்வில் இருந்தவர்கள் 35 முதல் 65 வயதுக்காரர்கள், அடிபடாமல் நாள்பட்டுக் கிழிந்த ஜவ்வு. யாருக்குச் செய்வது, யாருக்கு விடுவது என்பதுதான் கேள்வி. ஒரு காலத்தில் முழங்கால் ஜவ்வு பயனற்ற மிச்சம் என்று கருதி முழுசாகவே எடுத்துவிடுவார்கள். எடுத்த மூட்டுகளில் பின்னால் தெரியும் மாற்றங்களை 1948இல் ஃபேர்பேங்க் எழுதிய பிறகுதான் மெல்ல மனம் மாறியது. இன்று முடிந்தால் தைக்கிறார்கள்.

தொடக்கத்தில் பார்த்த தோள்பட்டைக்காரருக்கு வருவோம். அவரைப் போன்ற 250 பேரை பிரிட்டனில் பாதிப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஆபரேஷன், இன்னொரு பாதிக்குத் தூளி மாதிரி துணிக்கட்டில் கையைத் தொங்கவிட்டு, பிறகு உடற்பயிற்சி என்று ஒப்பிட்டார்கள். 2015இல் வெளிவந்த முடிவு: இரண்டு வருடத்தில் சராசரியாக வித்தியாசம் இல்லை. மூட்டு நழுவியவர்கள் இந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை, ஆபரேஷன் கட்டாயம் என்று மருத்துவர்கள் நினைத்தவர்களும் வரவில்லை. ஆக, முடிவை எல்லோருக்கும் நீட்டிவிட முடியாது.

எனக்கு இதில் பிடித்த விஷயம் அவர்கள் அளந்த விதம். எலும்பு எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்று எக்ஸ்ரேயை வைத்து அளக்கவில்லை. ‘ஆக்ஸ்ஃபோர்டு தோள் மதிப்பெண்’ என்று 12 கேள்விகள் கொண்ட ஒரு தாளை நோயாளி கையில் கொடுத்தார்கள். அந்தக் கையால் தலைவார முடிகிறதா? துணியை அலமாரியில் மாட்ட முடிகிறதா? உடை உடுத்திக்கொள்வது சிரமமாக இருக்கிறதா? சட்டைக்குள் கை நுழையாததற்கு அந்தத் தாளில் ஓர் இடம் இருந்தது.

இப்படிப்பட்ட ஆய்வு நடத்துவது லேசுப்பட்ட காரியமில்லை. ஒரே ஆபரேஷனை இரண்டு மருத்துவர்கள் ஒரே மாதிரி செய்வதில்லை. ஒரே மருத்துவரே தன் ஐந்தாவது நோயாளிக்கும் ஐந்நூறாவது நோயாளிக்கும் ஒரே மாதிரி செய்வதில்லை. புது முறையைச் சீக்கிரம் சோதித்தால் கை பழகவில்லை என்பார்கள், தாமதித்தால் அதற்குள் ஊரெல்லாம் பரவிவிடும். ‘எந்தச் சிகிச்சை என்று குலுக்கல் முறையில் முடிவாகும்’ என்றால் நோயாளியும் யோசிப்பார். பணம் வேறு. எலும்பை வளரவைக்கும் புரதம் இருப்பதை மார்ஷல் யூரிஸ்ட் 1965இல் காட்டினார். அதன் செயற்கை வடிவம் 2002இல் முதுகெலும்பு ஆபரேஷனுக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நிறுவனம் பணம் கொடுத்து நடந்த தொடக்க ஆய்வுகள் பக்கவிளைவுகளை மிகவும் குறைத்துக் காட்டியிருந்தன என்று 2011இல் ஒரு முதுகெலும்பு மருத்துவ இதழே விரிவாக எழுதியது.

பல நாட்டு மருத்துவமனைகள் சேர்ந்து செய்த ஆய்வுகள் இதற்குக் கொஞ்சம் மாற்று. எலும்பு வெளியே தெரியும்படி உடைந்த காயத்தை எதனால் கழுவலாம் என்று 2,447 பேரிடம் சோதித்தார்கள். சோப்புக் கரைசலா, வெறும் உப்புநீரா? நீரை வேகமாகப் பீய்ச்சலாமா, மெதுவாக ஊற்றலாமா? உப்புநீரே மேல், மெதுவாக ஊற்றினாலும் போதும் என்று 2015இல் விடை கிடைத்தது.

அசைவும் கிருமியும்

உடம்பில் பெரும்பாலான காயங்கள் தழும்பாகத்தான் ஆறும். எலும்போ எலும்பாகவே ஆறும். அதற்கு ரத்த ஓட்டமும் அளவான அசைவும் வேண்டும். 1958இல் சுவிட்சர்லாந்தில் சில அறுவை மருத்துவர்கள் ஏ.ஓ. என்ற குழுவைத் தொடங்கியபோது, மாவுக்கட்டிலும் இழுவையிலும் மாதக்கணக்கில் கிடந்த நோயாளிகளை எழுப்பி நடமாட வைப்பதே நோக்கம். உடைந்த துண்டுகளை இம்மியளவும் அசையாமல் பிளேட்டால் இறுக்கினார்கள். எக்ஸ்ரேயில் உடைந்த கோடே மறைந்துவிடும், சுற்றி வளரும் புது எலும்புக் கட்டி வந்தால் அது ஆபரேஷன் செய்தவரின் குறை. ஆனால் அவ்வளவு துல்லியமாகப் பொருத்த எலும்பைச் சுற்றியுள்ள சதையையும் உறையையும் உரிக்க வேண்டியிருந்தது, ரத்த ஓட்டம் போனது. பிறகு நீளமான எலும்புகளில் நிலைப்பாடு மாறியது. உடைந்த இடத்தைத் திறக்காமல் எலும்பின் குழிக்குள் ராடு செலுத்துவது, தோலுக்கடியில் பிளேட்டை நழுவவிடுவது, துண்டுகள் சற்று விலகியிருந்தால் அப்படியே விடுவது. முன்பு குறையாகப் பார்த்த அந்தக் கட்டி இப்போது நல்ல சகுனம்.

சைபீரியாவில் குர்கன் நகரத்தில் இருந்த காவ்ரில் இலிசரோவ் இன்னும் ஒரு படி மேலே போனார். எலும்பை வெட்டி, வளையமும் கம்பியும் மாட்டி, ஒரு நாளைக்கு 1 மில்லிமீட்டர் வீதம், அதையும் நான்காகப் பிரித்து, இழுத்துக்கொண்டே போனால் நடுவில் புது எலும்பு வளர்கிறது என்று கண்டார். வேகமாக இழுத்தால் சேராது, மெதுவாக இழுத்தால் முன்கூட்டியே சேர்ந்துவிடும். மேற்கு ஐரோப்பிய மருத்துவர்கள் இதை நேரில் கேட்டது 1981இல்தான்.

உலோகத்தை உடம்பில் வைப்பதில் தீராத தலைவலி கிருமி. பொருத்திய மூட்டின் மேல் நம் செல்கள் முதலில் படியுமா, பாக்டீரியா முதலில் படியுமா என்று ஒரு ஓட்டப்பந்தயம் நடக்கும். பாக்டீரியா முந்திக்கொண்டால் பிசுபிசுப்பான ஒரு படலத்தைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிடும், ஆன்டிபயாடிக் உள்ளே எட்டாது. பல சமயம் மூட்டைக் கழற்றி, மருந்து கலந்த சிமெண்டை இடைக்காலத்துக்கு வைத்து, வாரக்கணக்கில் காத்திருந்து புது மூட்டு வைக்க வேண்டும். அந்த வாரங்களில் நரம்பு வழியாகத்தான் மருந்து ஏற்ற வேண்டும் என்பது நெடுநாள் வழக்கம். எலும்பு, மூட்டுத் தொற்று உள்ள 1,054 பேரிடம் நடந்த பிரிட்டிஷ் ஆய்வு, முதல் ஆறு வாரத்துக்கு மாத்திரை கொடுத்தாலும் பலன் குறையவில்லை என்று 2019இல் காட்டியது. ஊசிக்குழாயோடு ஆறு வாரம் கிடப்பவருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று அனுபவித்தவருக்குத்தான் தெரியும்.

கத்தியைக் கீழே வைத்தவர்

ஆயிரம் குழந்தைகளில் ஒன்று, பாதம் உள்பக்கமாகவும் கீழ்நோக்கியும் திரும்பிய வளைபாதத்தோடு பிறக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி இதற்குப் பெரிய ஆபரேஷன் செய்தார்கள். தசைநாண், மூட்டு உறை எல்லாவற்றையும் வெட்டித் தளர்த்திப் பாதத்தை நேராக்குவார்கள். அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் இருந்த இக்னாசியோ பொன்செட்டி, அப்படி ஆபரேஷன் செய்யப்பட்டவர்கள் வளர்ந்த பிறகு கூப்பிட்டுப் பார்த்தார். பாதம் நேராக இருந்தது. ஆனால் கட்டை மாதிரி விறைத்து, வலித்தது.

அவருடைய முறை பார்க்கச் சாதாரணம். ஒரு கையின் கட்டைவிரலைக் கணுக்கால் எலும்பின் மேல் முட்டுக்கொடுத்து, மறு கையால் பாதத்தை வெளிப்பக்கமாக மெதுவாகத் திருப்பி, அந்த நிலையிலேயே தொடைவரை மாவுக்கட்டுப் போட வேண்டும். வாரம் ஒரு கட்டு, ஐந்தாறு கட்டு. கடைசியில் பெரும்பாலான குழந்தைகளுக்குக் குதிகால் நாணில் ஒரு சின்ன வெட்டு. பிறகு இரண்டு காலணியையும் ஒரு பட்டையால் இணைத்த கருவியை, முதல் மூன்று மாதம் ஏறத்தாழ நாள் முழுவதும், அப்புறம் நாலு வயதுவரை தூங்கும்போது மாட்ட வேண்டும்.

1963இல் முடிவுகளை வெளியிட்டார். துறை கண்டுகொள்ளவில்லை. ஆபரேஷன் கற்றுக்கொண்டவர்களுக்கு மாவுக்கட்டு பழைய காலத்து வைத்தியமாகத் தெரிந்திருக்கலாம். முப்பது வருடத் தொடர் ஆய்வு 1995இல் வெளியான பிறகு சூழ்நிலை மாறியது, அதைப் பரப்பியதில் பெற்றோர்களுக்கு முக்கியப் பங்கு. புதிதாக வந்திருந்த இணையத்தில் ஒருவருக்கொருவர் எழுதி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு அயோவாவுக்குப் போனார்கள். அப்போது பொன்செட்டிக்கு எண்பது வயது தாண்டியிருந்தது. இன்று உலகெங்கும் இதுதான் முதல் சிகிச்சை.

ரோபோவுக்கு யார் சொல்வது

இப்போது மூட்டு மாற்று சிகிச்சையில் ரோபோ வந்துவிட்டது. எலும்பை எங்கே, எந்தக் கோணத்தில் அறுக்க வேண்டும் என்று திட்டம் போட்டுக் கொடுத்தால், மனிதக் கையைவிடத் துல்லியமாக அதைப் பின்பற்றும். இது விளம்பரம் இல்லை, அளந்து பார்த்த உண்மை. முழங்கால் மாற்றிக்கொண்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் முழுத் திருப்தி இல்லை என்கிறார். அந்த ஒருவரின் குறையைத் துல்லியம் தீர்க்குமா என்பது தனிக் கேள்வி.

பல பத்தாண்டுகளாக முழங்கால் மாற்றும்போது குறி ஒன்றுதான்: இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் ஒரே நேர்கோட்டில் வர வேண்டும். 2012இல் பெல்ஜியத்தில் யோகன் பெல்மான்ஸ் குழுவினர், மூட்டு வலியே இல்லாத 250 இளம் வயதினரின் கால்களை அளந்தார்கள். ஆண்களில் 32 சதவீதம் பேருக்கும் பெண்களில் 17 சதவீதம் பேருக்கும் கால் இயல்பிலேயே 3 டிகிரியோ அதற்கு மேலோ வில் போல வெளிப்பக்கம் வளைந்திருந்தது. அப்படிப்பட்ட ஒருவர் அறுபது வயதில் மூட்டு மாற்ற வந்தால், அவர் வாழ்நாளில் ஒரு நாளும் நடந்திராத நேர்கோட்டுக்கு அவர் காலைக் கொண்டுபோய் நிறுத்துவதா, பழைய வளைவையே திருப்பித் தருவதா என்று மருத்துவர்கள் இரண்டு கட்சியாக வாதிடுகிறார்கள். வளைவை விட்டுவைத்தால் மூட்டு சீக்கிரம் தேயுமோ என்ற பயம் ஒரு பக்கம். அதற்கு விடை சொல்லும் வரிகள் பதிவேடுகளில் இப்போதுதான் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருக்கின்றன.